பழைய ஹெட்செட்டும் ஒரு டிரைவரின் கழுத்தும்

எங்கள் கடையில் ஒரே ஒரு சட்டம்தான். தோற்றவன் எழுந்திருக்க வேண்டும். ஜெயித்தவன் உட்கார்ந்திருப்பான், சோபாவுக்குப் பின்னால் நிற்பவர்களில் அடுத்தவன் வந்து அவனோடு மோதுவான். இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. கேம் சென்டர் திறந்த முதல் வாரத்தில் கல்லூரிப் பையன்கள் தாங்களாகவே வைத்துக்கொண்டது, அதுவே வழக்கமாகிவிட்டது.

"ஏலே, எந்தி! மூணு கோல் வாங்கிட்டு இன்னும் என்ன சம்மணம் போட்டு உக்காந்திருக்க?"

"பொறுலே. கன்ட்ரோலர் சரியில்ல."

"போன வாரமும் இதத்தாம்லே சொன்ன. உனக்கு விரலே சரியில்ல."

கன்ட்ரோலர் சரியில்லை என்ற பேச்சு வந்துவிட்டால் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதைச் சரி பண்ணுவது என் வேலை. பத்து பேர் ஒன்றாகப் பார்த்தால் எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடும். சிறு வயதிலிருந்தே அப்படித்தான். பத்தாவது முடித்ததும் டிவி ரிப்பேர் கற்றுக்கொண்டதற்கும் அதுதான் காரணம். பின்பக்க மூடியைக் கழற்றி அதற்குள் தலையை விட்டுக்கொண்டால் யாரோடும் பேச வேண்டியதில்லை. ரிப்பேருக்கு டிவி வருவது நின்றுபோன பிறகு அக்காவின் கணவர் என்னைத் தன் கேம் சென்டருக்குக் கூப்பிட்டுக்கொண்டார்.

கடை திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு டயர் கடையின் மாடியில் இருக்கிறது. மூன்று டிவி, மூன்று கேம் பெட்டி, மூன்று சோபா. கன்சோல் என்று அட்டையில் போட்டிருந்தாலும் எங்களுக்கு அது பெட்டிதான். அத்தான் வாசல் பக்கம் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். நான் உள்மூலையில் ஒரு பலகையில் ஈயம் பற்றவைக்கும் கோலோடு இருப்பேன்.

வி.ஆர். ஹெட்செட் எங்களுக்கு வந்தது சில வருடங்களுக்கு முன்னால். மூடிப்போன ஒரு கடையிலிருந்து அத்தான் அதை வாங்கிவந்தார். தலையில் மாட்டிக்கொண்டால் இந்த அறை மறைந்துபோய் விளையாட்டுக்குள்ளேயே நிற்பதுபோல இருக்கும். முதல் வாரம் நல்ல கூட்டம். ஒருவன் சுறாமீனைப் பார்த்து அலறி சோபாவைத் தாண்டி விழுந்தான். மற்றவர்கள் அதைப் படம் பிடித்தார்கள். இரண்டாவது வாரம் விழுவதற்கு ஆள் குறைந்தது. மூன்றாவது வாரம் யாரும் கேட்கவில்லை.

ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். அதில் தோற்றவன் எழுந்திருப்பது என்று ஒன்று இல்லை. மாட்டியவன் தனியாக எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறான். பின்னால் நிற்பவனுக்குக் கேலி பண்ண இடமில்லை, கேலி பண்ணினாலும் அவன் காதில் விழாது. எங்கள் கடைக்கு வருகிறவர்கள் விளையாட மட்டும் வருவதில்லை. அடுத்தவன் தோற்பதைப் பார்க்கத்தான் பாதிப் பேர் வருகிறார்கள்.

இன்னொரு தொல்லை நெற்றி. காலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வருகிற பையன் அப்படியே ஹெட்செட்டை மாட்டுவான். வியர்வையில் கரைந்தது போக மிச்சப் பொடி லென்சில் விழும். தலையிலிருந்து எண்ணெய் பஞ்சில் ஊறும். நான் மெல்லிய துணியால் துடைப்பேன். பொடி உராய்ந்து நாளடைவில் வலது லென்சில் மயிரிழை போலக் கோடுகள் விழுந்தன. இதைச் செய்த கம்பெனிக்காரன் எந்தெந்த ஊர் நெற்றிகளையோ அளந்திருப்பான். எங்கள் ஊர் நெற்றியை அளந்திருக்க மாட்டான்.

நானும் அதைப் போட்டுப் பார்த்திருக்கிறேன், கடை திறப்பதற்கு முன்பு மட்டும். அதை மாட்டிக்கொண்டால் நம் கண்ணுக்கு யாரும் தெரிய மாட்டார்கள், ஆனால் மற்றவர்கள் நம்மைப் பார்க்கலாம். எனக்கு அதைவிடக் கஷ்டமான நிலை வேறில்லை.

இந்தக் கோடைக்கு முன்பு அத்தான் பெட்டிகளைப் புதிதாக மாற்ற முடிவு செய்தார். புதிய கால்பந்து விளையாட்டு பழைய பெட்டியில் வரவில்லை. பையன்கள் நச்சரித்தார்கள். மதுரை டீலர் பழையதை எடுத்துக்கொண்டு புதியது தருவதாகச் சொன்னார். இரண்டு பெட்டிகள் மாறிவிட்டன. மூன்றாவது, ஹெட்செட் மாட்டியிருந்த பெட்டி, அடுத்த மாதம் இருபதாம் தேதி போவதாக இருந்தது. புதுப் பெட்டியில் பழைய ஹெட்செட்டைச் செருக இடமே இல்லை. அதற்கென்று ஒரு புது ஹெட்செட் வந்திருக்கிறது, விலை கிட்டத்தட்ட இன்னொரு பெட்டி அளவுக்கு.

"இனி எல்லாம் வி.ஆர்.தான்னு ஒருத்தன் சொல்லுதான். கம்பெனியே அதக் கைகழுவப் போகுதுன்னு இன்னொருத்தன் சொல்லுதான்" என்றார் அத்தான். "நீரு என்ன சொல்லுதீரு மாப்ளே?"

"பாப்போம் அத்தான்" என்றேன்.

நான் எதற்கும் சொல்கிற பதில் அதுதான்.

அந்த மாத ஆரம்பத்தில்தான் டிரைவர் வந்தார். நல்ல வெயில், மூன்று மணி இருக்கும். ஓட்டப்பந்தய விளையாட்டுக்கு நாங்கள் ஒரு ஸ்டியரிங்கும் கால்மிதிகளும் வைத்திருக்கிறோம். அந்த ஸ்டியரிங்கைக் கழற்றி, காற்றுக்காக மாடிப்படி வாசலில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் படியேறி வந்தார். நிழலுக்காக ஏறியிருப்பார் என்று நினைக்கிறேன். கையில் ஒரு குறிப்பு நோட்டு.

"இது எந்த வண்டி ஸ்டியரிங் அண்ணாச்சி? இத்தினிக்கூண்டா இருக்கு, ரேஷன்ல போட்டதா?"

விளையாட்டு ஸ்டியரிங் என்றேன். அவர் சிரித்துவிட்டு அதை வாங்கி மடியில் வைத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிடித்த விதத்திலேயே தெரிந்தது. பெரிய வண்டி ஓட்டுகிறவர்கள் விரலால் பிடிப்பதில்லை, உள்ளங்கையால் தள்ளுவார்கள்.

திருநெல்வேலிக்கும் பாபநாசத்துக்கும் ஓடுகிற ஒரு தனியார் பேருந்தின் டிரைவர் அவர். அப்போது வண்டி ஓட்டவில்லை. பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தார். தங்கள் வண்டி கிளம்புகிற நேரத்தைப் பார்த்து விசில் ஊதி அனுப்புகிற வேலை. இரண்டு வண்டிகளுக்கு நடுவே அவருக்கு ஒன்றரை மணி நேரம் சும்மா கிடைக்கும்.

ஸ்டியரிங்கைப் பொருத்தி டிவியில் போட்டுக் கொடுத்தேன். ஒரு நிமிடம் ஓட்டினார். பிறகு நிறுத்திவிட்டார்.

"சைடு கண்ணாடி எங்க?"

ஒரு பட்டனை அழுத்தினால் இடது பக்கம் தெரியும், இன்னொன்றை அழுத்தினால் வலது பக்கம் தெரியும் என்று காட்டினேன்.

"கண்ணாடி பாக்கதுக்குப் பட்டனா? நல்லாத்தான் இருக்கு. என் கழுத்துக்கு இப்படி ஒரு பட்டன் இருந்தா தேவல."

அவர் அதைச் சொன்ன விதம் வேடிக்கையாக இல்லை. அட்டைப் பெட்டிக்குள் கிடந்த ஹெட்செட்டை எடுத்துத் துடைத்து மாட்டிவிட்டேன். அதில் பட்டன் தேவையில்லை. தலையைத் திருப்பினால் கண்ணாடி இருக்கும், கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டி தெரியும். அவர் ஒரு தடவை மெல்லத் திருப்பிப் பார்த்தார். இன்னொரு தடவை திருப்பினார். அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

மறுநாளும் வந்தார். அதற்கு அடுத்த நாளும். நாலாவது நாள் டீ வாங்கிவந்து என் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவராகவே சொன்னார்.

"வீரவநல்லூர் தாண்டி ஒரு ஸ்டாப்பு. வண்டிய ஓரங்கட்டுதேன். இடது கண்ணாடியப் பாத்தேன்னுதான் நினைச்சேன். பாக்கல போல. பால்காரர் ஒருத்தரு வண்டிக்கும் ஓரத்துக்கும் நடுவுல பைக்க விட்டுட்டாரு. கேன் ரெண்டும் உருண்டு போற சத்தம்தான் முதல்ல கேட்டுது."

"ஆளுக்கு?"

"கால் ஒடிஞ்சிச்சு. இப்போ நல்லா நடக்காரு, பாலும் ஊத்துதாரு. என்னையப் பாத்தா வணக்கம் வேற வைக்காரு. அவரு சரியாயிட்டாரு அண்ணாச்சி. நான்தான் ஆகல."

அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தால் அவருக்கு இடது பக்கம் கழுத்து திரும்பவில்லை. வலி இல்லை. டாக்டர் படம் எடுத்துப் பார்த்து எலும்பு நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். டீக்கடையில் உட்கார்ந்திருந்தால் திரும்புகிறது. பேருந்தில் ஏறினால் நின்றுவிடுகிறது. ஒரு வாரம் முழுக்க நேரே மட்டும் பார்த்து ஓட்டினார். கண்டக்டர் கண்டுபிடித்துவிட்டார். இவரே போய் மேனேஜரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, வேறு வேலை இருந்தால் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். மேனேஜர் கொஞ்ச நாளைக்கு என்று டைம் கீப்பர் வேலை கொடுத்தார். இப்போது அவருடைய சீட்டுக்கு நிரந்தரமாக வேறு ஆள் போட வேண்டும் என்கிறார்கள். அதற்குள் ஒரு தடவை ஓட்டிக் காட்டினால் சீட்டு திரும்பக் கிடைக்கும்.

"இங்கன ஓட்டும்போது திரும்புது" என்றார். "ஏன்னு தெரியல. ஆனா திரும்புது."

அதன் பிறகு அவர் வருகிற நேரத்துக்கு மூன்றாவது பெட்டியை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன். பந்தயத்தில் அவர் எப்போதும் கடைசி. வேகமே போக மாட்டார். ஓரமாக, ஒரே சீராக, நாற்பதில் போவார். மற்ற வண்டிகள் எல்லாம் அவரை முந்திக்கொண்டு போகும், ஒரு சுற்று முடித்துவிட்டு வந்து மறுபடியும் முந்தும். எங்கள் பையன்களுக்கு இது பெரிய வேடிக்கை.

"டிரைவர் அண்ணாச்சி, இது பந்தயம். நீங்க டிக்கெட் ஏத்திக்கிட்டு இருக்கீங்க."

"பின்சீட்டுல பிரசவத்துக்குப் போற பிள்ள இருக்குன்னு நினைச்சி ஓட்டுதேன். நீ பேசாம இரு."

என்னிடம் மட்டும் காரணத்தைச் சொன்னார். எல்லா வண்டியும் முந்தினால்தான் எல்லா வண்டியும் கண்ணாடியில் வரும். அவருக்கு வேண்டியது அதுதான்.

இந்த இடத்தில் என் தவறைச் சொல்ல வேண்டும். அந்த விளையாட்டில் நூற்றுக்கணக்கான வண்டிகள் இருக்கின்றன. முதல் நாள் கைக்கு வந்த ஒரு சிவப்புக் காரை நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். அதற்கு ஸ்டியரிங் இடது பக்கம். அவர் அதை அன்றே கவனித்தார். 'வெளிநாட்டுக்காரன் செஞ்சது, அவன் ஊர்ப்படிதான் இருக்கும்' என்று சொல்லிவிட்டு ஓட்டினார். இலவசமாகச் சாப்பாடு போடுகிற வீட்டில் உப்பு இல்லை என்று சொல்லலாமா என்கிற மாதிரி ஒரு மரியாதை. நானும் வேறு வண்டி தேடவில்லை. எனக்குச் சைக்கிள் தவிர எந்த வண்டியும் ஓட்டத் தெரியாது. ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருந்தால் என்ன என்று இருந்துவிட்டேன்.

பத்து நாள் பழகிய பிறகு மேனேஜரிடம் போய் ஓட்டிக் காட்டுவதாகச் சொன்னார். ஒரு காலை நேரம், காலி வண்டி, பைபாஸ் சாலை. மதியம் மூன்று மணிக்கு வழக்கம்போல் எங்கள் கடைக்கு வந்தார். ஹெட்செட்டைக் கேட்கவில்லை. சோபாவில் உட்கார்ந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பைபாஸ் பாலத்துக்கு முன்னாலயே நிப்பாட்டிட்டேன்" என்றார். "கழுத்து பாதியில நின்னுட்டுது."

நான் பற்றவைக்கும் கோலைக் கீழே வைத்தேன்.

"இங்கன கண்ணாடி பக்கத்துல இருக்கு அண்ணாச்சி. கதவு ஓரமா, கைக்கு எட்டுத தூரத்துல. கண்ண உருட்டுனாப் போதும். பஸ்ல நான் வலது பக்கம் உக்காந்திருக்கேன். இடது கண்ணாடி அந்தக் கடைசில, படிக்கட்டத் தாண்டி இருக்கு. நான் இத்தன நாளும் பழகுனது வேற எவனோட கழுத்தையோ."

மேனேஜர் திட்டவில்லையாம். மாதக் கடைசியில் இன்னொரு தடவை பார்க்கலாம், அதற்கு மேல் கேட்காதே என்றிருக்கிறார். இதைச் சொல்லிவிட்டு அடுத்த வண்டியை அனுப்ப எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே கடையைத் திறந்தேன். வண்டிகளின் பட்டியலை முதலிலிருந்து பார்த்தேன். ஒவ்வொரு வண்டியாகத் தேர்ந்தெடுத்து, ஹெட்செட்டை மாட்டி, எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன் என்று பார்க்க வேண்டியிருந்தது. ஜப்பான் வண்டிகளுக்கு வந்தபோது ஸ்டியரிங் வலது பக்கம் வந்தது. நம் ஊரில் எப்படியோ அப்படியே. இடது கண்ணாடி அந்தப் பக்கத்துக் கதவில், தலையை முழுதாகத் திருப்ப வேண்டிய இடத்தில் இருந்தது. ஒரு சின்ன வெள்ளைக் காரைக் குறித்து வைத்துக்கொண்டேன். முதல் நாளே இரண்டு நிமிடம் தேடியிருந்தால் கிடைத்திருக்கும்.

அன்று தேதி பதினெட்டு. பெட்டி இருபதாம் தேதி போகிறது. மேனேஜர் சொன்ன நாள் முப்பது.

அத்தானிடம் நானாக ஒன்று கேட்டு வருடக்கணக்கு ஆகியிருக்கும். அவர் சாப்பிட்டுவிட்டு வரும் வரை காத்திருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு சொன்னேன்.

"அத்தான், அந்த மூணாவது பெட்டிய மாசக் கடைசி வரைக்கும் வச்சிக்கிடலாமா?"

"ஏன்? ரிப்பேரா?"

"இல்ல. டிரைவருக்கு வேணும்."

அத்தான் பல் குத்துவதை நிறுத்தினார். "எந்த டிரைவர்? பந்தயத்துல எப்பவும் கடைசியா வாரவரா?"

"ஆமா."

"வே மாப்ளே, பையங்க புதுப் பெட்டி இல்லைன்னு பாளையங்கோட்டைக் கடைக்குப் போறானுவ. ஒரு ஆளுக்காவ ஒரு சோபாவக் காலியா போடச் சொல்லுதீரு. அவரு என்ன உமக்குச் சொந்தமா?"

"சொந்தமில்ல. தப்பு என் மேல" என்றேன். நடந்ததைச் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் பேசியது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அத்தான் முழுதையும் கேட்டார். கடைசியில், "ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியாத ஆளத்தான் நான் ரிப்பேருக்கு வச்சிருக்கேனா" என்று சொல்லிவிட்டு டீலருக்கு போன் போட்டார். பத்து நாள் தள்ளி வாங்கிக்கொள்ளச் சொன்னார். டீலர் ஏதோ முனகியது என் காது வரைக்கும் கேட்டது.

அந்தப் பத்து நாளும் டிரைவர் வெள்ளைக் காரை ஓட்டினார். முதல் நாள் பாதி கூடத் திரும்பவில்லை. ஹெட்செட் மாட்டியவர் பார்ப்பது எப்போதும் டிவியிலும் தெரியும்; மற்றவர்கள் பார்ப்பதற்காக அப்படி. பின்னால் நின்ற பையன் ஒருவன், "என்ன அண்ணாச்சி, இடது பக்கமே திரும்ப மாட்டேங்கீங்க?" என்று கேட்டான். நான் எழுந்து போய் டிவியை அணைத்தேன்.

"லே, படம் போயிட்டுதுலே!"

"வயர் லூஸு" என்றேன். அன்றிலிருந்து பத்து நாளும் வயர் லூஸாகவே இருந்தது. பார்க்க எதுவும் இல்லாததால் அந்த மூலைக்கு யாரும் வரவில்லை.

ஹெட்செட்டுக்குள் இருந்தபடியே அவர் கேட்பார்: "அண்ணாச்சி, யாராவது நிக்காவளா?"

"யாரும் இல்ல."

"நீங்க?"

"நான் கன்ட்ரோலர் பாக்கேன்."

உண்மையிலேயே நான் கன்ட்ரோலரைத்தான் பார்த்தேன். ஒருவர் தன்னை மறந்து ஒன்றைச் செய்து பார்க்கும்போது பக்கத்தில் இருப்பவன் வேறெதையாவது பார்ப்பது நல்லது. ஓரக்கண்ணால் அவ்வப்போது தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். ஐந்தாம் நாள் தலை முழுதாகத் திரும்பியது. திரும்பிய வேகத்திலேயே முன்னால் வந்துவிட்டது. எட்டாம் நாள் அங்கேயே ஒரு நொடி நின்றது.

"பஸ்ல இதவிட ரெண்டு முழம் தள்ளி இருக்கும்" என்றார். "ஆனா தெச ஒண்ணுதான்."

கேம் பெட்டி செய்கிற கம்பெனிகள் வி.ஆருக்குப் பணம் போட வேண்டுமா, கூடாதா என்று பையன்கள் சோபாவில் சண்டை போடுவார்கள். ஒருவன், அது இல்லாவிட்டால் எதிர்காலமே இல்லை என்பான். இன்னொருவன், அந்தக் காசுக்கு நல்ல விளையாட்டு நாலு செய்யலாம் என்பான். நான் அவர்களிடம் ஒன்றும் சொன்னதில்லை, இங்கே எழுதிவைக்கிறேன். எங்கள் கடையை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டாவது பையன் சொல்வது சரி. சோபா நிறைய ஆள் இருந்து கத்தினால்தான் அந்தப் பெட்டி பெட்டி. ஹெட்செட்டைத் தேடிவந்தவர் இத்தனை வருடத்தில் ஒரே ஒருவர், அவரும் விளையாட வரவில்லை. அப்படிப்பட்ட ஒரு ஆளுக்காக ஒரு கம்பெனி கோடிக்கணக்கில் செலவு செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். என் அத்தானே பத்து நாளைக்கு மேல் பொறுக்கவில்லை.

ஆனால் புதிதாகச் செய்வது வேறு, ஏற்கெனவே விற்றதைக் கைவிடுவது வேறு. ஒரு பொருளை விற்கும்போது இதற்குள் வேறொரு உலகம் இருக்கிறது என்று சொல்லி விற்கிறார்கள். அடுத்த பெட்டியில் அதைச் செருகுகிற ஓட்டையை எடுத்துவிடுகிறார்கள். பழைய டிவி ரிப்பேர் பார்த்த காலத்தில் இருபது வருடத்து செட்டுக்கும் நான் எங்காவது தேடி ஒரு பாகம் போட்டு ஓடவிட்டிருக்கிறேன். இந்த ஹெட்செட்டில் எந்தப் பாகமும் கெட்டுப்போகவில்லை. பெட்டி அதை ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான். இதற்கு எந்தப் பற்றவைக்கும் கோலும் உதவாது. அவர்கள் புது வி.ஆருக்குப் பணம் போட்டாலும் போடாவிட்டாலும், பழையதைச் செருக ஒரு ஓட்டை விட்டுவைக்கலாம். அதற்கு அத்தனை செலவாகாது என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவே.

முப்பதாம் தேதி காலையிலேயே டீலரின் ஆள் புதுப் பெட்டியோடு வந்துவிட்டார். மதியம் வரை இருக்கச் சொல்லி அத்தான் அவரைச் சாப்பிட அனுப்பினார். எனக்காகச் செய்தார் என்று தெரியும், ஆனால் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. மூன்று மணிக்கு டிரைவர் படியேறி வந்தார். அத்தான் மேசையிலிருந்தே கேட்டார்.

"என்னவே டிரைவர், பாலம் தாண்டியாச்சா?"

"தாண்டியாச்சு அண்ணாச்சி."

"கழுத்து?"

டிரைவர் சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தார். "அதத்தான் சொல்ல வாரேன். போன தடவ மேனேஜர் எனக்குப் பின்னால உக்காந்தாரு. இந்தத் தடவ முன்படிக்கட்டுல போய் நிக்காரு. கம்பியப் பிடிச்சிக்கிட்டு, என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்காரு. நான் வண்டிய எடுத்தேன். ஒரு பர்லாங்கு போயிருப்பேன். என் வாய்ல தானா வந்துட்டுது. 'சார், பைய பின்னால வாங்க, கண்ணாடி மறைக்கு'ன்னேன்."

அத்தான் சிரிக்கத் தொடங்கினார்.

"'எந்தக் கண்ணாடி?'ங்காரு. 'இடது கண்ணாடி சார், நீங்க நிக்கதுல பின்னால வர்றது ஒண்ணும் தெரியல'ன்னேன். அவரு பைய வந்து சீட்டுல உக்காந்துட்டாரு. அதுக்குப் பொறவு என் மூஞ்சியப் பாக்கவே இல்ல, வெளிய பாத்துட்டு வந்தாரு. திரும்பி வந்ததும் நாளைக்கு ரெண்டாவது வண்டிய எடுன்னுட்டாரு."

"மறைச்சது நல்லதாப் போச்சு பாத்தீரா" என்றார் அத்தான். "மறைக்கலைன்னா நீரு பாத்தது அவருக்கு எப்படித் தெரியும்?"

டிரைவர் என் பக்கம் திரும்பினார். ஏதோ சொல்லப் போகிறார் என்று தெரிந்ததும் நான் பலகையில் ஒரு திருகாணியைத் தேட ஆரம்பித்தேன். அவருக்கும் புரிந்திருக்க வேண்டும்.

"அந்த ஜப்பான் வண்டி புதுப் பெட்டியில வருமா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார்.

"வரும். டிவில மட்டும்."

"டிவில வேண்டாம்" என்று எழுந்தார். "இன்னைக்கு வரைக்கும் நான் டைம் கீப்பர்தான். நாலு மணி வண்டிய அனுப்பணும்."

அவர் இறங்கிப் போனதும் டீலரின் ஆள் பல் குத்திக்கொண்டே படியேறி வந்தார். புது ஹெட்செட்டும் ஒன்று கொண்டுவந்திருப்பதாகவும் இறக்கவா என்றும் கேட்டார். அத்தான் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"அப்போ வயரை உருவும் மாப்ளே" என்றார்.

உருவினேன். ஸ்டியரிங் புதுப் பெட்டியில் வேலை செய்தது. பழைய ஹெட்செட்டை டீலரின் ஆள் கையில் வாங்கி, லென்சு கோடு விழுந்திருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அது இப்போது என் பலகைக்கு அடியில் ஒரு அட்டைப் பெட்டியில் இருக்கிறது.

டிரைவர் அதன் பிறகு கடைக்கு வரவில்லை. வர நேரம் இருக்காது. இரண்டு நடைக்கு நடுவே சாப்பிடத்தான் பொழுது இருக்கும். காலையில் பேருந்து நிலையத்தைக் கடக்கும்போது அவர் வண்டி நிற்பதைச் சில நாள் பார்க்கிறேன். பாபநாசம் பக்கம் போக எனக்கு வேலை எதுவும் வரவில்லை. அவர் வண்டியில் நான் இன்னும் ஏறியதில்லை.